உல்லாசப் பயணியாக வந்த அக்கா

கண்டி மாநகர சபையில் என் உத்தியோக காலம் முழுக்க அடுத்தவர்களின் படிவங்களைப் பார்த்தே கழிந்தது. கட்டம் தாண்டி எழுதியவர்கள், ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் மறுபக்கத்தில் வேறு பெயரும் எழுதியவர்கள், பிறந்த தேதியைக் கேட்டால் "பெரிய மழை பெஞ்ச வருசங்க" என்றவர்கள், எல்லோரையும் வைதிருக்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஆபீசில் பெயர். அது பொய்யில்லை. ஆனால் என் மேசைக்கு வந்த படிவம் பிழையோடு அடுத்த மேசைக்குப் போனதில்லை, அதுவும் பொய்யில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு, இனி ஒருத்தருடைய படிவத்தையும் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தது சரிதான். கொஞ்ச வருஷத்திலேயே கோத்தகிரியிலிருந்து என் அக்கா இலங்கைக்கு வரக் கிளம்பினாள்.

அக்காவும் நானும் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். அக்காவைக் கட்டிய மச்சானின் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிப் போட்டது. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எங்கள் ஆட்களை உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. மச்சான் வீட்டுக்கு முதலில் கடிதம் வந்தது. அக்கா கைக்குழந்தையோடு கண்டி ஸ்டேஷனில் தலைமன்னார் கோச்சி ஏறினாள். அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. கொஞ்ச நாளைக்கு முந்தித்தான் பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளை ஒருத்தி மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நகர்ந்த கோச்சியோடு ஓடி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். நீயும் அதைத்தான் செய்வாய் என்று சொல்லி அப்பா அம்மாவை விட்டுவிட்டுப் புறப்பட்டார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். சாமான் ஏற்றிய லொறி தோட்டத்து ரோட்டில் வளைந்து வளைந்து இறங்குவதை மேலே நின்று பார்த்தாளாம். பிறகு குனிந்து கொழுந்தெடுத்து, நிறுவையில் குறைவில்லாமல் அன்றைக்கும் முழு நாள் கூலிக்கான முழுப்பேர் வாங்கினாள். வழியனுப்பக்கூடக் கொடுத்து வைக்காதவள் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளெல்லாம் அவள் தன்னையே சொல்லிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் அக்காவும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா எழுதிப் போட்ட பிரஜாவுரிமை அம்மாவின் கைக்கு வர ஒரு தலைமுறை ஆனது. அதுவரை அவளுக்கு எந்த நாடும் பாஸ்போர்ட் கொடுக்காது. கிடைத்த நேரத்தில் நாட்டில் சண்டை. சண்டை முடிந்த நேரத்தில் அம்மாவின் முழங்கால் முடிந்துபோனது. அக்காவுக்கு அங்கே பிள்ளை, குட்டி, தேயிலைக் காடு, மச்சானின் நோய், பிறகு மச்சானின் சாவு. நான் மட்டும் ஒருமுறை அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போய் வந்தேன். மற்றபடி ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் போனில் பேச்சு. அந்தப் பேச்சிலும் பாதி அழுகை.

ஒரு தைப்பொங்கல் கழிந்து, கண்டி ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அம்மாவுக்கு இடது கண் ஏற்கனவே போய்விட்டது. வலது கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே சுருங்கி வருகிறது. சொட்டு மருந்து போட்டு நாளைத் தள்ளலாம், நிறுத்த முடியாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்களை இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவள வரச் சொல்லு" என்றாள்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாதவன் நான். அம்மா உன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கண் இருக்கும்போதே வந்து சேர் என்றேன். அக்கா அழுதுகொண்டே சித்திரைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

பாஸ்போர்ட் எடுக்க மாசியும் பங்குனியும் ஓடின. போலீஸ் விசாரணைக்கு வந்த ஆள், இலங்கையில் பிறந்த நீ மறுபடி எதற்கு இலங்கை போகிறாய் என்று கேட்டானாம். இவள் அவனுக்கு ஒப்பாரிக் கோச்சிக் கதையை முழுசாகச் சொல்லி, டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு வழியாகப் பாஸ்போர்ட் வந்தது. இனி விசாதானே, டிக்கெட்தானே, பத்து நாள் வேலை என்று நான் நினைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

கோத்தகிரியில் டிக்கெட் போடும் கடைக்காரர் இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சுற்றுலாவா, வியாபாரமா என்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று எழுது என்றிருக்கிறாள் அக்கா. அப்படி ஒரு கட்டம் இல்லை அம்மா என்றிருக்கிறார் அவர். இவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போனில், எங்கள் ஆபீஸ் தமிழில், உல்லாசப் பயணம் என்று போடு, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

"உல்லாசமா?" என்றாள் அக்கா. "அம்மாவுக்குக் கண்ணு போகுது. நான் பொறந்த மண்ணுக்கு நான் உல்லாசத்துக்கா வர்றேன், தம்பி?"

அது கவர்மெண்ட் வார்த்தை, அதற்கும் உன் மனசுக்கும் சம்பந்தமில்லை என்று கத்தி, கெஞ்சி, கடைசியில் அதற்குச் சம்மதிக்க வைத்தேன். தங்கும் முகவரியாக, இடித்துத் தரைமட்டமாகிப் போன எங்கள் லயத்தின் நம்பரைச் சொல்லியிருந்தாள். அதையும் மாற்றி என் வீட்டு முகவரியைப் போடச் சொன்னேன். இரண்டும் முடிந்தது. மூன்றாவதாக வந்தது திரும்பும் டிக்கெட்.

போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேனில் ஏற்றமாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அக்கா முடியாது என்றுவிட்டாள். பணம் காரணமில்லை, டிக்கெட் காசு நான் அனுப்பியிருந்தேன். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எப்போது திரும்புவோம் என்று வாயால்கூடச் சொல்வதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எழுந்து நடமாடியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும் பேச்சு. முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு போனால் அந்த நாள் நோயாளியின் நாளாகிவிடும் என்று ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் விமானக் கம்பெனிக்குத் தெரியுமா?

"நான் தேதி போட்டு, அந்தத் தேதியில அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான்தான் குறிச்சுக் குடுத்த மாதிரி ஆகாதா? என் கையால அதச் செய்யமாட்டேன்" என்றாள்.

நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தேதியைப் பிறகு மாற்றலாம் என்றேன். சும்மா பேருக்கு ஒரு தேதி என்றேன். பேருக்குக்கூட வேண்டாம் என்றாள். சித்திரை போனது. வைகாசியில் ஒரு நாள் எனக்குப் பொறுக்க முடியாமல் போய்விட்டது. முன்னறையில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி போனில் கத்தினேன்.

"தேதி பாத்துக்கிட்டே இரு. கண் கெட்டதுக்குப் பொறகு சூரிய நமஸ்காரமா பண்ணப் போற?"

அம்மா அப்போது சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து வந்த மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாக நான் கத்தும்போது பார்க்கும் பார்வைதானே என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஆனி மாதம் ஒருநாள் அம்மா தானாகவே போனைக் கேட்டாள். நான் அக்காவின் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். அங்கே அக்கா பேரனின் போனில் வீடியோ வரும், முகத்தைப் பார்த்துப் பேசு என்றேன். அதெல்லாம் வேண்டாம், போனில் மூஞ்சி கோணலாகத் தெரிகிறது, நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று காதில் வைத்துக்கொண்டாள்.

"பாப்பா, தேதி போடு. தைரியமாப் போடு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். "ஆனா ஒண்ணு. ஆடியில வராத. நீ போனது ஆடியில. ஆடி கழியட்டும். ஆவணியில வா."

அம்மாவே சொன்ன பிறகு அக்காவும் சரி என்றுவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். இத்தனை மாதம் மகளோடு மல்லுக்கட்டி, அவள் இறங்கி வந்தால் இப்போது தாய் முறுக்கிக்கொள்கிறாள். ஆடியும் அமாவாசையும் கண்ணுக்குத் தெரியுமா, டாக்டர் சொன்னதைக் கேட்டாயா என்று அம்மாவையே வைதேன். அவள் காது கேளாதவள்போல் இருந்தாள். சரி, ஆடியில்தான் கண்டியில் பெரஹர ஊர்வலம் வரும், ரோடெல்லாம் அடைப்பான், வேன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அக்காவுக்கு ஆவணிக்கு டிக்கெட் போட்டார்கள். போக ஒரு தேதியும் வர ஒரு தேதியும். விசா வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சேலைக்குள் அல்ல, கைப்பையில் வைக்க வேண்டும் என்று பலமுறை சொன்னேன். பிளேனில் தருகிற அட்டையில் எதை எங்கே எழுத வேண்டும், தெரியாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று போனிலேயே பாடம் நடத்தினேன்.

வேனுக்கு அலவத்துகொடையில் தெரிந்த முஸ்லிம் டிரைவர் ஒருவர் இருந்தார், நாங்கள் நானா என்போம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற வருகிற ஆட்களை வருஷக்கணக்காகக் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு ஏற்றி இறக்கியவர். எங்கள் வழக்கம் தெரியுமே, ஒருத்தர் வந்தால் ஒரு வேன் ஆள் கூப்பிடப் போவார்கள். மனைவியின் தங்கை குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் தலைவர், அவர் மச்சான் என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. நானா சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, எல்லாரும் போலாம். ஆனா கூட்டிட்டு வாற ஆளுக்கும் ஒரு எடம் வெக்கோணும் தானே" என்றார்.

நான் எல்லோரையும் கழித்துவிட்டேன். கோயில் தலைவர் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான், மனைவி, நானா மூன்று பேர் போதும் என்றேன். அம்மா வேண்டாம், கடுகண்ணாவ வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும், காலும் முடியாது, வீட்டில் இருக்கட்டும், அக்காவை நேரே கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறேன் என்றேன். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இப்புடித்தான் உங்கப்பா விட்டுட்டுப் போனாரு. இன்னைக்கு நீ விட்டுட்டுப் போவப் போறியா?"

அவ்வளவுதான். அவளுக்கும் ஒரு சீட்டு வைக்கச் சொன்னேன் நானாவிடம்.

புறப்படும் முதல்நாள் அம்மா இன்னொன்று கேட்டாள். வருகிற வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் எழுதி ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்களாமே, அப்படி ஒரு மட்டை எனக்கும் வேண்டும், அவள் வந்ததும் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டையா என்று நான் கேலி பண்ணினேன். நானாதான், அம்மா ஆசைப்படுறாங்க, செஞ்சு குடுங்க என்றார். மனைவி ஒரு பெரிய மட்டையில் அக்காவின் பெயரை எழுதினாள். எழுத்து எனக்குத் தெரியாது, படத்தை ஒட்டு என்றாள் அம்மா. அக்காவின் படம் என்று அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அன்றைக்குக் கோச்சி ஏறுவதற்கு முன்னால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. இரட்டைப் பின்னலும் பயந்த கண்ணுமாக இருப்பாள். தகரப் பெட்டியிலிருந்து அம்மா அதை எடுத்துக் கொடுக்க, கடையில் பெரிதாகப் பிரதி எடுத்து பெயருக்குக் கீழே ஒட்டினோம்.

விடிந்ததும் புறப்பட்டோம். அம்மா புதுச் சேலை உடுத்தி, மடியில் ரொட்டியும் சம்பலும் வைத்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளேனில் பிள்ளை ஒன்றும் சாப்பிட்டிருக்காது என்றாள். பேராதனை கடந்து, மாவனல்லை கடந்து, வெயில் ஏற ஏற வேன் கீழே இறங்கியது. அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வாந்தி வந்தது.

கட்டுநாயக்கவில் நானா ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தார். பயணிகள் வெளியே வரும் வாசல் பக்கமாக, கம்பிக்கு முன்னால் அம்மாவை நிறுத்தினோம். மனைவி மட்டையை அம்மா கையில் சரியாகப் பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கழுவும் அறைக்குப் போனாள். நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனேன். பிளேன் இறங்கிவிட்டது என்று போர்டில் போட்டிருந்தான்.

திரும்பி வந்து பார்த்தால், அம்மா மட்டையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெயர் தலைகீழாக நிற்கிறது. அக்கா தலைகீழாகத் தொங்குகிறாள்.

"அம்மா, தலைகீழாப் புடிச்சிருக்க" என்றேன்.

அவசரமாகத் திருப்பினாள். பாதிதான் திரும்பியது. இப்போது அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மா அதைக் கொஞ்சம் இன்னும் உயர்த்தி, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்பச் சரியா?" என்றாள்.

நான் அவள் கண்களைப் பார்த்தேன். ஆட்கள் வலது பக்கத்துக் கதவால் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா அதுவரை நேரே இருந்த தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"எப்பலேருந்தும்மா?"

"சத்தம் போடாத" என்றாள். "வைகாசியிலயே போயிருச்சு."

வைகாசி. திரும்பும் டிக்கெட்டுக்காக நான் அக்காவோடு கத்திக்கொண்டிருந்த மாதம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அவளத்தான் வைவ. உன்னாலதான் அம்மா ஒம் மொகத்தப் பாக்கலன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவ. ஒன் வாயி எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுட்டு அந்தப் புள்ள திரும்பிப் போயி தின்னுமா, தூங்குமா?" அம்மா என் கையைத் தேடிப் பிடித்தாள். "அவகிட்டச் சொல்லிறாத தம்பி."

மனைவி வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தைக்குப் பிறகு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தானே. வீட்டில் தெரியாதவன் நான் ஒருத்தன்தான். அவர்கள் இரண்டு பேரும் என் வாய்க்குப் பயந்து மாதக்கணக்கில் என்னிடமிருந்து ஒரு இருட்டை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் உள்ளவன் படிவத்தில் எல்லாம் பிழை பிடித்த எனக்கு, என் வீட்டுச் சுவரோரம் தடவித் தடவிப் பூண்டு உரித்தவள் கண்ணில் படவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. அக்கா வந்துவிட்டாள்.

வெள்ளைத் தலை, தோளில் ஒரு பை, கையில் அந்த விசாத் தாள். போலீஸ்காரரிடம் காட்டுவதுபோல் அதை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள். மட்டையைப் பார்த்தாள். நின்றாள். பிறகு வந்து சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையிலிருந்த மட்டையை மெதுவாக நேராகத் திருப்பி, திரும்பவும் அந்தக் கையிலேயே கொடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடிய வீட்டுல மறந்துட்டு வந்துட்டாங்க அக்கா" என்றேன்.

அம்மா வாழ்க்கையில் கண்ணாடி போட்டதே கிடையாது. அக்கா அம்மாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் நெற்றியில் ஏறி, மூக்கில் இறங்கி, வாயோரத்தில் நின்றன. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறதே என்றாள். பிறகு, "அப்புடியேதான் இருக்க பாப்பா" என்றாள். மட்டை தரையில் விழுந்துவிட்டது. நானா அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நின்றார்.

திரும்பி வரும்போது வரக்காப்பொலையில் தேநீருக்கு நிறுத்தினோம். அம்மா வேனுக்குள் இருந்தாள். மனைவி அவளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பயிருந்து தம்பி?"

என் நாக்கு எதற்கும் அடங்கியதில்லை. அன்றைக்கு அடங்கியது. "போன கெழமதான் அக்கா. திடீர்னு. யாரும் எதிர்பாக்கல" என்றேன்.

"ஆடியிலயே வந்திருந்தா?"

"ஆடி வேணாம்னு சொன்னது அவங்கதானே. நீ என்னா செய்வ?"

சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி ஆகாது என்று அம்மா பிடித்த பிடிவாதம் இதற்குத்தான். பார்வை போன பிறகு ஒரு மாதம் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன? பிந்தியதற்குப் பழி சுமக்க ஒரு ஆள் வேண்டும். அக்கா அந்த ஆளாகிவிடக் கூடாது என்று, அம்மா தானே முன்னால் வந்து நின்றுகொண்டாள். அதற்கும் சேர்த்து நான் அவளை வைதிருக்கிறேன். கோப்பையை வைத்துவிட்டு வேனில் ஏறினேன்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் அம்மா அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ஜன்னலோரம் அக்கா. ஒவ்வொரு வளைவுக்கும் அம்மா அவளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு வந்தாள், இங்கே ஒரு பழக்கடை, அங்கே ஒரு பள்ளம் என்று. உடம்பு சாய்கிற சாய்வை வைத்து எண்ணிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. பழைய ரோட்டுக்காக வெள்ளைக்காரன் துளை போட்ட பெரிய பாறையை வேன் கடந்து மேலே போய்விட்டது. அதற்கப்புறம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"இந்தா பாரு பாப்பா, ஓட்டப்பாறை வருது. சின்னதுல கேப்பியே, எப்ப வரும் எப்ப வரும்னு."

நான் பின் சீட்டில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரம்தான் இருந்தது. அக்கா அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "வந்துருச்சு. பாத்துட்டேன்."